மல்லசந்திரமா, ஹிரே பெணகலா? பெங்களூரிலிருந்து கல்திட்டைகளுக்கு ஒரு காலை நடை

பெங்களூரில் இருந்துகொண்டு பெருங்கற்காலச் சின்னங்களுக்கு நடுவே ஒரு காலைப் பொழுது நடக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கத்து மல்லசந்திரம். மற்றது கொப்பள் மாவட்டத்தில் கங்காவதிக்கு அருகே உள்ள ஹிரே பெணகல். இரண்டும் பாறைக் குன்றுகள், இரண்டின் மேலும் கல்திட்டைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்துக் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள். என் சாய்வு மல்லசந்திரத்தின் பக்கம். ஹிரே பெணகல் அளவிலும் பேரிலும் பெரியது என்பதை ஒப்புக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

தூரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூளகிரி சுமார் 65 கி.மீ., அங்கிருந்து மல்லசந்திரம் பக்கத்துக் கிராமம். ஹிரே பெணகலுக்கு ஹொசப்பேட்டை வரை ஓர் இரவு ரயில் பயணம், அதன் பிறகு சாலையில் ஒரு மணி நேரம். பணம், விடுப்பு எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். ஆனால் இந்த நடையைத் தீர்மானிப்பது தூரமல்ல, எத்தனை மணிக்குப் பாறையில் கால் வைக்கிறீர்கள் என்பதுதான்.

முதல் காரணம் வெயில். இரண்டு குன்றுகளின் மேற்பரப்பும் பெரும்பாலும் மொட்டைக் கருங்கல். நிழல் என்றால் பாறை இடுக்கும் முள் புதரும்தான். காலை பத்தரைக்கு மேல் பாறை சூட்டை உமிழத் தொடங்கும். மேலிருந்து அடிக்கும் வெயிலைத் தொப்பி தடுக்கும், கீழிருந்து வரும் அனலுக்கு எதுவும் செய்ய முடியாது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கங்காவதி அதில் பாதி உயரம்கூட இல்லை. பெங்களூர்க் குளிரை நினைத்துக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்புகிறவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். மல்லசந்திரத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், ஹிரே பெணகலுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது.

இரண்டாவது காரணம் வெளிச்சம், எனக்கு இதுதான் பெரியது. தென்னிந்தியக் கல்திட்டைகளில் இடுதுளை, அதாவது பலகைக்கல்லில் வட்டமாகக் குடைந்த திறப்பு, பெரும்பாலும் கிழக்குப் பலகையில் இருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் முதல் இரண்டு மணி நேரம் அந்தத் துளை வழியாக ஒளி உள்ளறைக்குள் நேராகப் போகும். மல்லசந்திரத்துத் திட்டைகள் சிலவற்றின் உட்புறப் பலகைகளில் வெள்ளை ஓவியங்கள் உண்டு. மங்கலான கோட்டு உருவங்கள். காலை ஒளியில் தெரிகிற அவை, சூரியன் தலைக்கு மேல் வந்தபின் இருட்டில் கரைந்துவிடும். வெளிப்புறத்துக்கும் இதே நியாயம்தான். பக்கவாட்டு ஒளியில் பலகையின் விளிம்பில் கொத்தித் தட்டிய தடங்கள் எழுந்து நிற்கும், நண்பகலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தட்டை.

இந்தக் கணக்கில் மல்லசந்திரம் எளிதாக வெல்கிறது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ நாலரைக்குக் கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, ஓசூர் தாண்டி ஆறு மணி வாக்கில் சூளகிரியில் டீ குடிக்கலாம். குளிர்காலத்தில் சூரியன் உதிக்கும்போது அடிவாரம், ஏழு ஏழேகாலுக்கு மேலே. ஒன்பதரை வரை நிதானமாகச் சுற்றிவிட்டு இறங்கலாம். பேருந்தில் வருகிறவர்கள் கிருஷ்ணகிரி வண்டியில் ஏறும்போதே சூளகிரியில் நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஆட்டோவைப் போக வரப் பேசிவிடுவது நல்லது.

ஹிரே பெணகலுக்கு இரவு ரயிலில் போனால் ஹொசப்பேட்டையில் இறங்கும்போதே விடிந்திருக்கும். முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, வண்டி பிடித்து அடிவாரம் சேர ஒன்பது. ஏற்றம் ஏறக்குறைய 3 கி.மீ., பாறையும் புதரும் மாறி மாறி வரும். திட்டைகளை அடைய பத்தரை ஆகிவிடும், அதாவது வெளிச்சம் கெட்டு வெயில் ஏறும் அதே நேரம். முந்தைய நாளே கங்காவதியில் தங்கினால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி கரடி. ஹொசப்பேட்டை அருகே தரோஜியில் கரடிகளுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பாறைக் குன்றுகள் பலவற்றிலும் கரடியும் சிறுத்தையும் நடமாடும், விடிகாலையும் அந்தியும் அவற்றின் நேரம். ஆகவே அங்கே இருட்டோடு ஏறுவது சரியல்ல. ஊரிலிருந்து வழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு, நன்றாக விடிந்தபின் பேசிக்கொண்டே போவதுதான் முறை.

மல்லசந்திரத்திலும் விலங்கு பயம் இல்லாமல் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓசூர் சானமாவுக் காட்டுக்கும் சூளகிரிப் பக்கத்துக்கும் யானைக் கூட்டங்கள் வந்து போகும். நடைக்கு ஏற்ற பருவமும் அதுவே. அடிவாரத்தில் யாரிடமாவது யானை இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதீர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் வட்டாரம், எதில் கேட்டாலும் பதில் வரும்.

மேலே போனதும் முதல் திட்டையிலேயே நின்று அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். நான்கு பலகைகளும் சதுரமாக முனை சேரவில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்ததைத் தாண்டி நீள்கிறது, மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். ஒரு பலகை உள்ளே சாய முயன்றால் பக்கத்துப் பலகை அதைத் தடுக்கும். சுண்ணாம்போ ஆப்போ இல்லாமல் இவ்வளவு காலம் நிற்பதற்கு இந்தப் பூட்டும் மேலே உள்ள மூடுகல்லின் எடையும்தான் காரணம். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 செ.மீ. தடிமன் உள்ள ஒரு கருங்கல் பலகை ஏறக்குறைய 2.7 டன் இருக்கும். புதையல் தேடுகிறவர்கள் உள்ளே தரையைத் தோண்டும்போது பலகைகளின் அடிப்பிடி தளர்கிறது, மூடுகல் ஒரு பக்கம் சரிகிறது. அப்படிச் சரிந்த திட்டைகளின் அருகே உட்காரவோ, மூடுகல் மேல் ஏறிப் படம் எடுக்கவோ கூடாது. திட்டையைச் சுற்றிப் பலகைகளை நிறுத்திய வட்டத்தையும் பாருங்கள். சிலவற்றின் தலை அரைவட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். முழு வட்டமும் விழாமல் நிற்கும் திட்டையைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தால் மற்றவற்றின் சிதைவிலும் பழைய வடிவம் புரியும்.

இடுதுளைக்குள் தலையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பும் குளவியும் அங்கே குடியிருக்கும். ஓவியத்தைத் தெளிவாக்க தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒவ்வொரு தெளிப்பும் நிறமியைக் கரைக்கிறது, தயவுசெய்து வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும்.

இனி ஹிரே பெணகலின் பக்கம். அங்கே 400 சின்னங்கள் அளவில் இருக்கின்றன, பொதுவாகச் சொல்லப்படும் காலம் கி.மு. 800 முதல் கி.மு. 200 வரை. ஹைதராபாத் நிஜாம் அரசில் பணிபுரிந்த ஆங்கிலேய அதிகாரி மெடோஸ் டெய்லர் 1835இல் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய, மூன்று மீட்டர் வரை நிமிர்ந்த திட்டைகள் தெரு போல வரிசையில் நிற்கும் காட்சி மல்லசந்திரத்தில் கிடைக்காது. வற்றாத குளமும் அங்கே உண்டு. பலகைகளை வெட்டி எடுத்த பள்ளம்தான் அது. கல் எடுத்த இடம், செதுக்கிய இடம், நிறுத்திய இடம் மூன்றையும் ஒரே நடையில் பார்க்கலாம். உயர்ந்த பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அரைக்கோள வடிவ முரசுக் கல்லைத் தட்டினால் ஒலி ஒரு கி.மீ. தூரம் கேட்கும் என்கிறார்கள். தட்டிப் பார்க்க அதன்மேல் ஏற வேண்டாம், பிடிமானம் இல்லாத பாறை. ஊரில் வழி கேட்கும்போது, குன்றின் உள்ளூர்ப் பெயரான மோரியர குட்ட என்றால் கை காட்டுவார்கள். மழைக்காலத்தில் அங்கே பாதை எப்படி இருக்கும் என்று சொல்லுமளவு அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அந்தப் பருவத்தை ஒப்பிடவில்லை. மல்லசந்திரத்தில் நல்ல மழைக்குப் பிறகு சில நாட்களுக்குப் பாறையில் பாசி வழுக்கும், இறக்கத்தில் கவனம் வேண்டும்.

ஹம்பிக்கு எப்படியும் போகிறவர்கள், இரண்டு இரவு தங்கக்கூடியவர்கள், டிசம்பர் ஜனவரியில் ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்குகிறவர்கள் ஹிரே பெணகலுக்குப் போகலாம், போக வேண்டும். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும், திங்கட்கிழமை வேலையோடும் இருப்பவர்களுக்கு மல்லசந்திரம். பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் நேரம் மிஞ்சும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்த்துவிட்டு வரலாம். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணிக்கப்பட்டதை 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கல்திட்டைகளும் இரும்புக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை, அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் குன்றுகளைப் பார்த்தால் இன்னும் அர்த்தம் கூடும். திரும்பும்போது மூன்று மணிக்குள் ஓசூரைத் தாண்டிவிடுங்கள். ஞாயிறு மாலையில் அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து வருவது, காலையில் ஏறிய குன்றைவிட அதிகம் களைப்பாக்கும்.