வரலாற்று நாடகப் பூங்கா: பொட்டலா, சுவரா, வளவா?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் பக்கம், பிஸ்டர் என்ற ஊருக்கு அருகே, வரலாற்றை நடித்துக் காட்டும் பூங்கா ஒன்றை அமைக்க பிரான்சின் புய் து ஃபூ நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. ராட்டினம் கிடையாது. கோட்டை, குதிரை, வாள்சண்டை, நடிகர்கள், அவ்வளவுதான். அந்தச் செய்தி எங்கள் செட்டிநாட்டுப் பங்காளிகள் வாட்சப் குழுவுக்கு வந்த அன்றிலிருந்து ஒரே பேச்சு: "நம்ம ஊருல இல்லாத சரித்திரமா? பொட்டல் சும்மாத்தானே கெடக்கு?"

பொட்டல் சும்மாத்தான் கிடக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் பாத்தியப்பட்ட, பூட்டிய பங்கு வீடும் ஒன்று இருக்கிறது. ஆகவே மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, செம்மண் பொட்டலில் திறந்தவெளி அரங்கம். இரண்டு, வீட்டின் முகப்புச் சுவரில் ஒலி-ஒளிக் காட்சி. மூன்று, வீட்டுக்குள்ளேயே கட்டுக் கட்டாக, அதாவது முகப்பு, வளவு எனும் நடு முற்றம், அடுப்படி என்று ஒவ்வொரு பகுதியாக, நடந்து பார்க்கும் நாடகம். நாங்கள் மூன்றாவதை எடுத்து ஒரு பருவம் நடத்தியும் விட்டோம். எனவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரங்கத்தின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் புய் து ஃபூவைக் காட்டிப் பேசுகிறவர்கள் அதன் தொடக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 1978-இல் மேற்கு பிரான்சின் வாண்டே பகுதியில் அது தொடங்கியபோது வெறும் இரவுக் காட்சிதான். நடித்தவர்கள் சுற்றுவட்டாரத்துத் தன்னார்வலர்கள். இன்றைக்கும் அந்த இரவுக் காட்சியைக் கோடை வார இறுதிகளில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். பகல் பூங்கா 1989-இல்தான் வந்தது. ஸ்பெயினின் தொலேதோவிலும் 2019-இல் இரவுக் காட்சி, 2021-இல் பூங்கா என்றுதான் போனார்கள். நம்மிடமும் அந்த மனசு இல்லாமல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்துக்கு வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் வந்து வேஷம் கட்டுகிறார்களே! அது வருஷத்துக்கு ஒரு முறை, நரசிம்ம ஜயந்தியை ஒட்டி. செட்டிநாட்டில் வேஷம் கட்ட வேண்டியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் வருவார்கள். வாராவாரம் வரமாட்டார்கள்.

சுவர்க் காட்சிக்கு முன்மாதிரி பக்கத்திலேயே, மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இருக்கிறது. அங்கே ஒலி-ஒளியில் சிலப்பதிகாரக் கதை சொல்கிறார்கள். வணிகமும் லேவாதேவியும் செய்த எங்கள் நகரத்தார் சமூகம் தங்கள் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளும் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கும் வணிகர் கதை அது. நடிகர் தேவையில்லை, ஒரு ஆள் பொத்தானை அமுக்கினால் போதும். ஆனால் ஐப்பசி மழையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலை நினைத்தாலே எனக்குப் பாதி ஆசை போய்விட்டது. மீதியும் போனதற்குக் காரணம், எங்கள் வீடுகளில் சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருப்பதுதான். பர்மாத் தேக்குத் தூணும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவரும் உள்ளே இருக்க, ஆளைத் தெருவில் நிற்க வைத்துப் படம் காட்டுவானேன்?

இதெல்லாம் ருசி சார்ந்த வாதம். எங்கள் கூட்டத்தில் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: கூட்டம் வராத நாளில் என்ன செலவாகும்?

கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீட்டு விடுதிகள் நிரம்புவது மார்கழி, தையில்தான். பிள்ளையார்பட்டிக்கு வருஷம் முழுக்கக் கூட்டம் உண்டு, ஆனால் காலையில் கும்பிட்டு மதியம் கிளம்பிவிடுவார்கள். ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிக்கெட் வாங்க யார் இருக்கிறார்கள்? அன்றைக்கும் அரங்கத்துக் குதிரை தீனி தின்னும். மாதச் சம்பளத்துக்கு எடுத்த நடிகர் சம்பளம் கேட்பார். கேலரியின் இரும்பு துருப்பிடிக்கும், கடன் வட்டி ஓடும். வட்டியைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். புரொஜெக்டருக்குத் தீனி வேண்டாம், ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயசாகும். ஒரு முறை பார்த்த உள்ளூர்க்காரர் அதே படத்துக்கு மறுபடி டிக்கெட் எடுக்கமாட்டார் என்பதால், காலி நாட்கள் கூடிக்கொண்டே போகும்.

பங்கு வீட்டுக்குக் காலி நாளில் ஆவது காவல்காரர் சம்பளமும் பெருக்குகிற அம்மாவின் கூலியும். நாடகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பங்காளிகள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பூட்டிவைத்தால் வௌவாலும் ஒழுக்கும் வேறு. ஆத்தங்குடிக் கல் ஆள் நடமாட்டத்தில் மெருகேறும் என்பது ஊரறிந்தது. செருப்பை வாசலிலேயே விடச் சொல்கிறோம்.

நடிகர் பக்கம்தான் எங்களுக்கு உண்மையான அதிர்ஷ்டம். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் இரவு முழுக்க நடக்கும். ராஜபார்ட் (நாயகன் வேஷம்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்குத் தனித்தனியாக 'புக்' செய்வதுதான் முறை. நாடகம் இல்லாத இரவுக்குச் சம்பளப் பேச்சே கிடையாது. திருவிழாக் காலத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது. மார்கழியில் நாடகம் குறைவு, நமக்கு விருந்தாளி வருவதோ அப்போதுதான்.

கதையை இப்படிப் பிரித்தோம். முகப்பில், பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடி வேலைக்கு, ரங்கூனுக்குக் கிளம்பும் சிறுவன், எதிரே கணக்கு மேசை. வளவில் கல்யாணம், இசைகுடிமானம் என்ற கல்யாணப் பதிவை எழுதுவது. இரண்டாம் கட்டில், ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குக் கடல் கடந்து போயிருக்க, வீட்டையும் வரவு செலவையும் நடத்தும் ஆச்சிமார். கடைசியாக அடுப்படியில், 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபின் கால்நடையாகத் திரும்பியவர் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார். கூட்டத்தைக் கட்டுவிட்டுக் கட்டு கூட்டிப்போவது பபூன், நாடகத்தின் கோமாளி. இது எங்கள் யோசனை இல்லை, பபூன் வேஷக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டது. தமிழ் தெரியாதவர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தோம். அவர்களில் பலர் தாளை மடித்துவிட்டு பபூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல்களும் உண்டு. பொட்டலில் மைக் பிடித்துப் பாடியவர்களுக்கு வளவுக்குள் தாழ்ந்த குரலில் பேச வரவில்லை. "மைக் இல்லாம கை எங்க வைக்கிறதுன்னே தெரியலண்ணே" என்றார் ராஜபார்ட். புராண நாடகம் அவர்களுக்கு மனப்பாடம், அதனால் ஒத்திகை என்ற வழக்கமே இல்லை. எங்கள் கதை புதுசு. ஒத்திகைக்கும் ஓர் இரவுக் கூலி கொடுத்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மழை பெய்தால் மட்டும் கவலை இல்லை. தண்ணீர் வளவுக்குள் விழும், சுற்றுத் தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் நாங்கள் விட்டதில்லை. இரண்டு பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. சித்திரை வெயிலிலும் நடத்திப் பார்க்கவில்லை. நடிகர்கள் நாலாவது பருவத்திலும் இதே உற்சாகத்தோடு வருவார்களா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அரங்கம் ஜெயிக்கும் கதை ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் விழுந்தது, 1780-இல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டது, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது. இதை எந்த வளவுக்குள்ளும் அடைக்க முடியாது. கணக்கெழுதுவதை அரங்கத்தில் காட்ட முடியாதது மாதிரிதான் இதுவும். அந்தக் கதைக்கு ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து, வருஷத்தில் சில இரவுகள் மட்டும், தற்காலிகக் கேலரி போட்டு நடத்துவதாக இருந்தால் நானே போய் பெஞ்சு தூக்குவேன். நிரந்தரக் கட்டடம் என்றால் அதே காலி நாள் கேள்விதான்.

வீட்டில் செய்ய நினைக்கிறவர்கள் நாடகத்துக்கு முன்னால் பங்காளிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், எழுத்தில் சம்மதிக்க வேண்டும். படைப்பு, கல்யாணத் தேதிகளை முதலிலேயே காலண்டரில் அடைத்துவிட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பருவத்துக்கான சம்மதம்தான். அடுத்த மார்கழிக்கு எல்லோரும் சரியென்று சொல்லிவிட்டார்கள், கோலாலம்பூர்ப் புள்ளியைத் தவிர. கல்லைப் பாலீஷ் போட்ட கணக்கை முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.