ஹெல்தி 365: இரண்டாம் வகை நீரிழிவோடு சில ஆண்டுகள்

2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு எங்கள் வீட்டையே சுட்டிக்காட்டுவது போலிருந்தது: சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. எனக்கும் அண்ணனுக்கும் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் தாதி சொன்னதால் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியில் சேர்ந்தேன்.

நடந்தால் புள்ளி, 150 புள்ளிக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள பற்றுச்சீட்டு. ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பார்ப்பதற்காக 2023-ல் வந்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்து மருத்துவருடன் முதல் கலந்தாலோசனையை முடித்தபோது 3,000 புள்ளி கிடைத்தது. மற்றபடி அன்றாட வரவு சில்லறைதான். இந்தச் சில்லறைக்கா நடக்கிறீர்கள் என்று மருமகன் கேட்டான். ஆமாம், நடக்கிறோம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் மாற்றம் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணும் சிறுநீரகமும் கெடுவதோ எப்போதோ வரப்போகும் ஆபத்தாகத் தெரிகிறது. தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) வேண்டாமென்று எழுந்து நடந்த இரவுக்கு அன்றே ஒரு பலன் கண்ணில் பட்டால், மறுநாளும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

செயலிக்கு எந்த நேரத்துக் காலடியும் ஒன்றுதான். நம் உடம்புக்கு அப்படியில்லை. சாப்பிட்டபின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அதனால் என் நடையில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டேன். மழையென்றால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், தூண்களைச் சுற்றி. விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் நடந்த இரவுக்கும் உட்கார்ந்த இரவுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. எட்டு விழுக்காட்டுக்கு மேலிருந்த எச்பிஏ1சி ஏழையொட்டி வந்துவிட்டது. மாத்திரைக்கும் அதில் பங்குண்டு.

புள்ளி ஆசை பாதத்தைப் பார்க்க விடாமல் செய்துவிடக்கூடாது. நீரிழிவால் உணர்வு மங்கிய பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. குளித்தபின் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறேன். சுண்டுவிரலோரம் சிவந்திருந்த வாரம் நடையை நிறுத்தினேன், புள்ளி போனால் போகட்டுமென்று. இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை அளவைப் பார்க்காமல் நீண்ட நடைக்குக் கிளம்பக்கூடாது. வழியில் சர்க்கரை இறங்கினால் சாப்பிடப் பையில் மிட்டாய் இருக்க வேண்டும். அண்ணன் இப்போது அப்படித்தான் போகிறார்.

முட்டி தேய்ந்தவர்களுக்குக் காலடிக் கணக்கு மனச்சோர்வைத்தான் தரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனைக்கும் பாதப் பரிசோதனைக்கும் நடையைவிடப் பெரிய பரிசு வைக்க வேண்டும். பலர் தள்ளிப்போடுவது அந்த இரண்டையும்தான்.