ஒரே மைக்கில் ஒரு குளிர்காலம்: பான் ஈவேரின் முதல் தொகுப்பு

2006 குளிர்காலத்தில், பின்னாளில் பான் ஈவேர் என்ற பெயரில் பாடிய ஜஸ்டின் வெர்னன், அமெரிக்காவில் வடக்கு கரோலினாவின் ராலியை விட்டுச் சொந்த மாநிலமான விஸ்கான்சினுக்குத் திரும்பினார். இசைக்குழு கலைந்துவிட்டது, நோயில் ஈரலும் கெட்டிருந்தது. காட்டுக்குள் இருந்த அப்பாவின் வேட்டைக் குடிலில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற இந்தத் தொகுப்பு அங்கே பிறந்ததுதான். 2007இல் தாமே வெளியிட்டார்; 2008 பிப்ரவரியில் ஜாக்ஜாகுவார் நிறுவனம் எடுத்து வெளியிட்டது. ஒன்பது பாட்டு, 37 நிமிடம்.

பனி, காடு என்று வர்ணனையைத் தேடுபவருக்கு இதில் அதிகம் கிடைக்காது. 'ப்ளைண்ட்சைடட்' பாட்டில் பனிக்கு எதிரே காக்கைபோலக் குந்துவதாக வரும் வரிபோலச் சில இடங்கள், அவ்வளவே. குடிலைக் காதருகே கொண்டுவருவது குரல்தான். கையில் இருந்தது ஷூர் எஸ்எம்57, மேடையில் டிரம்முக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வைக்கிற சாதாரண மைக். அதன் முன் கள்ளத்தொண்டையில் (இயல்பான குரலுக்கு மேலே போகும் மெல்லிய உச்சக்குரலில்) ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, தடத்தின் மேல் தடமாக அடுக்கியிருக்கிறார். 'லம்ப் சம்' தொடக்கத்தில் கோயில் கோஷ்டிபோலக் கேட்பது ஒரே ஆளின் தொண்டை.

இதைப் பார்த்து வீட்டில் முயல்பவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, 'ஸ்', 'த்' போன்ற ஒலிகள் ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வொரு கணத்தில் விழுந்து சரசரக்கும். முதல் தடத்தில் மட்டும் மெய்யெழுத்தைத் தெளிவாகப் பாடி, மற்றவற்றில் உயிரொலியை மட்டும் இழுத்தால் தீரும். இரண்டு, அறை இரைச்சல். ஒரே அளவில் எட்டுத் தடம் சேர்ந்தால் அது 9 டெசிபல் ஏறும். பாடாத இடங்களை வெட்டிவிட வேண்டும்.

வெர்னன் முதலில் சொல்லில்லாத அசைகளைப் பாடிப் பதிந்து, பிறகு அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஒலிக்கு இசைந்த சொற்களை எழுதினார். பொருள் பிடிபடாமல் நழுவுவது அதனால்தான். முதல் முறை கேட்கும்போது பாடல்வரியைத் திறந்து வைக்காதீர்கள்.

கேட்க ஹெட்ஃபோன் வேண்டும். சின்ன ப்ளூடூத் ஒலிபெருக்கியில் இடம் வலமாகப் பிரிந்த குரல்கள் ஒட்டிப்போய், 'தி வுல்வ்ஸ்' உச்சத்தில் வெறும் இரைச்சலாகிவிடும். 'ஃப்ளூம்' நடுவே தந்தி கரகரக்கும் இடத்தில் ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று தோன்றும்; அது பதிவிலேயே உள்ளது. 'டீம்' ஒரு இணைப்புத்துண்டு, தனியாக நிற்காது. தலைப்புப் பாட்டின் பித்தளைக் குழல்கள் குடிலைவிட்டுச் சட்டென்று வெளியே இழுக்கின்றன. அது எனக்குக் குறையாகவே படுகிறது. கடைசிப் பாட்டான 'ரீ: ஸ்டாக்ஸ்' அதை ஈடுகட்டிவிடுகிறது. கிட்டாரும் குரலும் தவிர அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆறரை நிமிடமும் அலுக்கவில்லை.

'ஸ்கின்னி லவ்' வாசிக்க விரும்பும் கிட்டார்காரர்களுக்கு: சுருதி, தடித்த தந்தியிலிருந்து சி ஜி இ ஜி சி சி. வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது தந்தி நான்கு அரைச்சுரம் இறங்கும், ஐந்தாவது இரண்டு இறங்கும், நான்காவது இரண்டு ஏறும், மூன்றாவது அப்படியே, இரண்டாவது ஒன்று ஏறும், முதலாவது நான்கு இறங்கும். இதனால் ஆறாவதும் முதலாவதும் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து தொய்ந்து கட்டையில் அடிக்கும். நான்காவதில் இழுவிசை கால்பங்கு கூடும், பழைய தந்தியானால் அறுந்துவிடும். 12–53 செட் (தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் முதலாவதை 14ஆகவும் ஆறாவதை 58ஆகவும் மாற்றுங்கள், நான்காவதைப் புதிதாகப் போடுங்கள். முதல் இரண்டு தந்திகளும் ஒரே சுரம். டியூனர் காட்டுவதோடு நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்து மீட்டி, 'வ்வோ வ்வோ' என்ற அலை அடங்கும்வரை திருகுங்கள்.