பெல்ட் வண்டியைச் சுத்தம் செய்யக் கற்ற ஆறு வருடம்

எங்கள் பெல்ட் வண்டிக்கு, அதாவது நெல் அறுவடை மிஷினுக்கு, இது ஆறாவது வருடம். அதோடு வாங்கிய, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரும், அடுத்து வாங்கிய, காற்றடிக்கும் ஏர் கம்ப்ரசரும் இன்றும் ஓடுகின்றன. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கம்ப்ரசரை வாங்குங்கள். அதை எனக்குப் புரியவைத்தவர் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஓட்ட வந்த டிரைவர் அண்ணன்.

முதல் குறுவையில் ரேடியேட்டர் முழுக்கப் பதர்த் தூசு. வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தேன். நனைந்த தூசு களிமண் மாதிரி இறுகிவிட்டது, தகடுகளும் மடங்கின. மறுநாள் இன்ஜின் சூடேறிச் சூடேறி நின்றது. அண்ணன் திட்டவில்லை. சாவியை உருவி என் சட்டைப்பையில் போட்டார். "உள்ள கை விடுறவன்கிட்டதான் சாவி இருக்கணும் தம்பி." அப்புறம் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்கச் சொன்னார். விசிறி காற்றை வெளியிலிருந்து உள்ளே இழுப்பதால் தூசு வெளிமுகத்தில்தான் படிகிறது. வெளியே நின்று அடித்தால் அதை இன்னும் உள்ளேதான் தள்ளுவோம். அடித்து முடித்ததும் ஒரு பக்கம் டார்ச்சைப் பிடித்து மறுபக்கம் பார்க்க வைத்தார். வெளிச்சம் வராத இடத்தில் அழுக்கு இருக்கிறது.

வாஷர் வீண் இல்லை. பெல்ட்டிலும் உருளைகளிலும் அப்பிய சேற்றைக் காய்வதற்குள் எடுக்க அதுதான் வேண்டும். பேரிங், ஒயர் இணைப்பு, ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. கழுவியதும் கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். பழைய கிரீஸோடு தண்ணீரும் வெளியே வரும்வரை.

விதைநெல் அறுப்பவர்களுக்கு இன்னொன்று. ஆடுதுறை 37 குண்டு ரகம், கோ 51 சன்னம். ஒன்றை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிக்கதவைத் திறந்து கொட்டாவிட்டால் முதல் மூட்டைகளிலேயே கலப்பு தெரியும். சல்லடை ஓரம், நெல் தொட்டியின் மூலை எல்லாவற்றையும் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் அவசியம்.

அண்ணன் இப்போது வருவதில்லை. போன சம்பாவுக்கு அக்கா மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வீடியோ எடுத்து அனுப்பினேன், பார்த்தான், கையில் வரவில்லை. சரி என்று சாவியை அவன் பையில் போட்டு, கம்ப்ரசர் குழாயை அவனிடமே கொடுத்துவிட்டு நின்றேன். மூன்றாம் நாள், நான் காற்றடித்து முடித்த ரேடியேட்டரில் அவன் டார்ச் பிடித்துப் பார்த்தான். "மாமா, கீழ் மூலைல வெளிச்சம் வரல" என்றான்.