சந்நிதியில் ஒரு மத்தியானம்: வாய்கட்டிப் பூசையும் மடத்துச் சோறும்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவில் வரும் சொந்தக்காரர் "யாழ்ப்பாணத்தில் எங்கே போகலாம், எங்கே நல்லாச் சாப்பிடலாம்" என்று கேட்டால், நான் இப்போது ஒரே பதில்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போங்கோ, மத்தியானப் பூசையைப் பாருங்கோ, பிறகு மடத்தில் சாப்பிட்டிட்டு வாங்கோ. நல்லூரைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சந்நிதியைப் பற்றி வருவதெல்லாம் அற்புதக் கதைகள்தான். புதிதாகப் போகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதியதை நான் கண்டதில்லை.

போவது சுலபம். யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி, வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை போகும் பஸ்ஸில் ஏறி, சந்நிதி என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஊரார் ஆறு என்று சொல்லும் உவர்நீர் ஏரியின் கரையில் கோயில். காற்று எந்த நேரமும் அடிக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது நல்லது.

நான் கொக்குவிலில் வளர்ந்தவள். கோயில் என்றால் எனக்கு நல்லூர்தான்: நேரம் தவறாத மணி, குருக்கள்மாரின் சமஸ்கிருத மந்திரம், எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு. சந்நிதியில் மந்திரமே இல்லை. பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மூலஸ்தானத்துக்குள் போகிறார். அங்கே இருப்பது வேல். தீபம் காட்டுகிறார், மணி அடிக்கிறது, அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. தென்னிலங்கையில் இருக்கும் கதிர்காமம் முருகன் கோயிலில் கப்புறாளைமார் என்ற பூசகர்கள் வாய் கட்டிப் பூசை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கிவிடும். சின்னக் கதிர்காமம் என்று இந்தக் கோயிலைச் சொல்வதும் அதனால்தான்.

கோயிலின் கதை மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழிலாளியிடமிருந்து தொடங்குகிறது. ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவரை முருகன் கரையில் நின்று கூப்பிட்டு, கதிர்காமத்துக்குக் கூட்டிப் போய்ப் பூசை முறையைக் காட்டிக்கொடுத்து, வேலும் கொடுத்து அனுப்பினார் என்பது ஐதீகம். அவர் பூவரச மரத்தடியில் வேலை வைத்து வழிபட்டார். இன்றைக்கும் பூசை செய்வது அவருடைய பரம்பரை. ஆகமமும் பிராமணக் குருக்களும் இல்லாமல் இவ்வளவு பெரிய கோயில் ஒன்று யாழ்ப்பாணத்தில் நடக்கிறது என்பது, இங்கத்தைய சாதிக் கட்டுப்பாடுகளை அறிந்தவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராடியது 1968இல். என் அம்மா அதைக் கண்ட தலைமுறை.

பூசகர் பேசாமல் இருப்பதால் நடக்கிற ஒன்றை நான் வேறு கோயிலில் கண்டதில்லை. சனத்தின் குரல் கேட்கிறது. கடைசியாகப் போனபோது எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, கையில் சுருட்டிய ஆஸ்பத்திரி றிப்போட்டுடன் நின்றார். தீபம் காட்டும்போது கண்ணை மூடவில்லை. மதிலுக்கு மேலால் அயல்வீட்டுக்காரரோடு கதைப்பதுபோல முருகனோடு கதைத்துக்கொண்டு நின்றார். "நீ சொன்ன மாதிரித்தான் செய்தனான். பெடியனுக்கு இன்னும் சுகமில்லை. இனி என்ன செய்யிறது எண்டு நீ சொல்லு." அவர் குரலை அடக்கவில்லை, ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லாத வழிபாடு இது. எனக்கு இந்தக் கோயிலில் பிடித்ததே அதுதான். மௌனத்தைத் தேடி ஜேர்மனியிலிருந்து ஒருவர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததும் எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. ஜேர்மன் சாமி என்று ஊரார் சொன்ன கௌரிபாலா சுவாமிதான் அவர். 'சும்மா இரு' என்று சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் சீடர்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சந்நிதியானுக்கு அன்னதானக் கந்தன் என்றும் ஒரு பெயர். சுவாமிக்கு 65 ஆலிலைகளில் அமுது படைப்பது இங்கே மரபு. அந்த அமுதை நோய்க்கு மருந்து என்று வாங்கி உண்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி இருக்கும் மடங்களில் வருகிற எல்லாருக்கும் சோறு போடுகிறார்கள். டிக்கெட்டும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. பூசை முடிந்து சனம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் போதும்.

நான் சாப்பிட்ட மடத்தில் வரிசையாக நிலத்தில் இருத்தினார்கள். எனக்கு இடப்பக்கம் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர், வலப்பக்கம் காவி கட்டிய ஒரு பெரியவர், எதிரே நகை போட்ட ஒரு குடும்பம். முதலில் குத்தரிசிச் சோறு, ஆவி பறக்கப் பறக்க. பருப்பு தண்ணியாக ஓடாமல் கட்டியாக, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இருந்தது. கத்தரிக்காயும் வாழைக்காயும் போட்ட குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். பூசணிக்காய்க் கறியைத்தான் நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். தோலோடு வெட்டிப் பெரிய துண்டுகளாகப் போட்டிருந்தார்கள். உள்ளே மாப்போலக் கரைகிறது, தோல் மட்டும் பல்லுக்குப் பிடிபடுகிறது. கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்த எண்ணெய் மேலே மினுங்கியது. கிடாரத்தில் விறகடுப்பில் வேகும் கறிக்கு வரும் அந்தப் புகை வாசத்தை வீட்டு காஸ் அடுப்பில் எப்படிச் சமைத்தாலும் கொண்டுவர முடியாது. பிறகு ரசம், கடைசியாக மோர். அப்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். உப்பு ஒரு நாளைக்குக் கூடும், ஒரு நாளைக்குக் குறையும். நூற்றுக்கணக்கானவருக்குச் சமைக்கும் இடத்தில் அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன்.

பரிமாறிய ஐயா வாளியோடு வந்து, "பிள்ளை, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றார். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஆர், எந்த ஊர், ஆற்ற பிள்ளை என்று ஒரு கேள்வி இல்லை. யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான். கேட்காமல் சோறு போடுவது இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். வெளியே கடைகளில் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு ஒலிக்கும் பக்திப் பாட்டுகள் பூசை நேரத்திலும் ஓய்வதில்லை. மௌனபூசை நடக்கும் கோயில் வீதியில் அந்த அரை மணித்தியாலமாவது அவற்றை நிறுத்தி வைக்கலாம். ஆற்றங்கரையில் பொலித்தீன் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் கிடக்கின்றன. ஒரு அர்ச்சனைத் தட்டுக் கடையில் எனக்குத் தந்த தேங்காய் அழுகல். உடைத்த பிறகுதான் தெரிந்தது, மாற்றித் தரச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தேங்காயை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே மடத்தில் சொன்னால் வாங்கில் இருத்திப் பரிமாறுகிறார்கள். என் மாமியை அப்படித்தான் இருத்தினார்கள். பூசை நேரத்தில் ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்க வேண்டாம். ஆவணியில் வரும் கொடியேற்றத் திருவிழாக் காலத்தில் போனால் காவடியும் சனக்கடலும் பார்க்கலாம், ஆனால் நான் மேலே சொன்ன அமைதி கிடைக்காது. கதிர்காமப் பாதயாத்திரை புறப்படும் நாளும் அப்படித்தான். ஆனால் அந்த நாளை ஒருதரமாவது பார்க்க வேண்டும். வேலைத் தாங்கிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, காட்டைக் கடந்து கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிறவர்கள் இங்கிருந்துதான் முதல் அடி வைக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டார்கள். கொடுக்க மனமிருந்தால் காலையிலேயே போய், சமையல் தொடங்கும் முன் அரிசியோ தேங்காயோ பூசணிக்காயோ மடத்தில் இறக்கிவிடுங்கள். நேரமிருந்தால் அங்கேயே இருந்து மரக்கறி வெட்டலாம். கத்தியும் பலகையும் அவர்களே தருவார்கள்.