வெறும் வயிற்று சுகரா, மூன்று மாத சராசரியா?

பரிசோதனைக்கு நாலு நாள் முன்பு இனிப்பை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நம் வீட்டிலும் உண்டு. வெறும் வயிற்று சுகர் அவர்களுக்குச் சாதகமாக வந்துவிடலாம். அது அந்தக் காலை நேரத்து நிலவரம் மட்டும்தான். குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து பார்க்க வேண்டும், 126 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். செலவு குறைவு.

மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை அப்படி ஏமாறாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும். சாப்பிட்டுவிட்டே போகலாம். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

சரி, இதையே நம்பிவிடலாமா? ரத்தசோகை இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு தப்பும். கர்ப்பிணிகளுக்கு குளுக்கோஸ் கொடுத்துப் பார்ப்பதே வழக்கம்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு என் ஓட்டு சராசரிக்குத்தான். ஆனால் திடீர் மயக்கம், வியர்வை என்றால் சராசரி உதவாது, உடனே விரல் நுனியில் குத்தி அப்போதைய சுகரைப் பார்க்க வேண்டும்.