அசலா, நகலா, படமா? அமெரிக்க வரலாற்று வகுப்புக்குப் பழைய வீட்டுச் சாமான்கள்

பென்சில்வேனியாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். 1930களின் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தக் காலத்து வாழ்க்கையையும் இரண்டாம் உலகப் போரின்போது ஊரில் இருந்தவர்கள் பட்ட பாட்டையும் பாடப்புத்தகம் சில பக்கங்களில் முடித்துவிடும். அந்த வீடுகளில் புழங்கிய சாமான்களையே கொண்டுவந்து பாடம் நடத்திப் பார்க்கலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் இறங்கினேன்.

மூன்று வழிகள் இருந்தன. அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் திரையில் காட்டுவது ஒன்று. பார்த்துச் செய்த மாதிரிப் பொருட்களை விலைக்கு வாங்குவது, அல்லது அருங்காட்சியகங்கள் பள்ளிகளுக்கு இரவலாக அனுப்பும் டிரங்குப் பெட்டியை வரவழைப்பது இன்னொன்று. மூன்றாவது, பழைய சாமான் சந்தையிலும், ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேலிலும் அலைந்து அசல் பொருளையே வாங்குவது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டு அசலில் வந்து நின்றிருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் என் கையிலிருந்து செலவானது 150 டாலருக்குள்தான்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவில்லை, உடையாது, முப்பது பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வாஷிங்டனில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. தேடத் தெரிந்தால் போதும். சில பாடங்களுக்குப் படத்தை விட்டால் வேறு வழியும் கிடையாது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ ஊல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து எழ மறுத்தார்களே, அந்த மேசையின் ஒரு பகுதி வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நான் எங்கே போய் வாங்குவது? படத்தைப் பெரிதாகத் திரையில் போட்டு, சாதாரண நாற்காலிகள்தானே, இதில் உட்கார ஏன் அவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று கேட்பேன். அந்த வகுப்பு நன்றாகவே போகும்.

மாதிரிப் பொருட்கள் மீது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இறகுப் பேனா, கல் பலகை, மூன்று முனைத் தொப்பி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தரும், மறுக்கவில்லை. அளவெடுத்து ஒழுங்காகச் செய்த மாதிரிகளும் கிடைக்கின்றன. ஆனால் விற்பனைக்கு வருவதில் பாதி, நடந்ததைத் தவறாகக் கற்றுக்கொடுக்கிறது. முதல் வருடம் நான் வாங்கிய பெட்டியில் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலை என்று செங்கல் போல் அழுத்திய தேயிலைக் கட்டி ஒன்று இருந்தது. 1773 டிசம்பர் 16 இரவு பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கடலில் கொட்டியது 342 பெட்டித் தேயிலை. சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு, சீனத்தில் விளைந்தது. ஆனால் அது உதிரித் தேயிலை, கட்டி இல்லை. கோடரியால் பெட்டியைப் பிளந்து இலையைக் கொட்டினார்கள். கட்டியைக் கையில் வாங்கிய பையன்கள் அதைத் தூக்கி எறிந்ததாகத்தான் மனதில் பதித்துக்கொண்டார்கள். பிறகு நான் எவ்வளவு சொல்லியும் அந்தப் படம் அழியவில்லை. பழுப்பேற்றி, மொறமொறப்பாக்கி விற்கும் சுதந்திரப் பிரகடனத் தாளும் இதே ரகம். அசல் பிரகடனம் பதப்படுத்திய தோலில் எழுதியது. அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்குப் பழையது என்றால் பழுப்பாக இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியப்போவதில்லை.

இதெல்லாம் சில்லறைக் குறைகள், பார்த்து வாங்கினால் தவிர்க்கலாம். நான் அசலுக்கு மாறியதற்கான காரணம் வேறு. மாதிரியைச் செய்தவர் எதையெல்லாம் யோசித்தாரோ அதற்குத்தான் மாதிரி பதில் சொல்லும். படம் எடுத்தவர் எந்தப் பக்கம் எடுத்தாரோ அந்தப் பக்கம்தான் தெரியும். புழங்கிய பொருளில் யாரும் யோசிக்காத தடயங்கள் இருக்கும். நான் தயாரித்து வைத்திராத கேள்விக்கும் அது இடம் கொடுக்கும்.

ஊறுகாய், பழம், காய்கறி போட்டு வைக்கும் மேசன் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் லேண்டிஸ் மேசன் என்பவர் திருகு மூடிக்கான காப்புரிமையை 1858 நவம்பர் 30 அன்று வாங்கினார். அந்தத் தேதி கண்ணாடியிலேயே மேடாக வார்க்கப்பட்டிருக்கும். என்னிடம் உள்ள இளநீல ஜாடியை வகுப்பில் சுற்றவிட்டால், தேதியைப் பார்த்ததும், "சார், உள்நாட்டுப் போருக்கும் முந்தியது!" என்று யாராவது கூவுவார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. வாய் விளிம்பை விரலால் தடவச் சொல்வேன். ஆரம்ப கால ஜாடிகளை ஊதிச் செய்து, விளிம்பை அரைத்துத் தட்டையாக்கினார்கள். அதனால் அங்கே சொரசொரப்பு இருக்கும். என் ஜாடியில் விளிம்பு வழவழவென்று இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு விளிம்புவரை ஏறுகிறது. அப்படியென்றால் இயந்திரத்தில் வார்த்தது, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. காப்புரிமை முடிந்த பின்னும் பல பத்தாண்டுகள் அதே தேதியை வார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எழுதியிருப்பதாலேயே ஒரு தேதியை நம்பிவிடக் கூடாது என்று நான் வருடம் முழுக்கத் தொண்டை வறளச் சொல்வதை ஒரு விரல் நுனி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அந்தச் சொரசொரப்பும் வழவழப்பும் படத்தில் தெரியாது. மாதிரி ஜாடியோ இன்றைய தொழிற்சாலையில் இருந்து வந்தது, அதன் விளிம்பு இன்றைய கதையைத்தான் சொல்லும்.

மாவு மூட்டைத் துணியும் அப்படித்தான். 1930களில் மாவும் கோழித் தீவனமும் பருத்தி மூட்டையில் வந்தன. காலி மூட்டையைப் பிரித்துப் பெண்கள் பாவாடை, சட்டை, தலையணை உறை தைத்தார்கள். அது தெரிந்து கம்பெனிகளே பூப்போட்ட மூட்டைகளை விற்க ஆரம்பித்தன. அந்த டிசைனில் இப்போது புதுத் துணி அச்சடித்து விற்கிறார்கள், பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அசல் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள் தெரியும், மூட்டையின் தையலைப் பிரித்த இடம். நான் வாங்கிய துணியில் ஒரு மூலையில் அழியாமல் நின்றுபோன எழுத்தின் நிழலும் உண்டு. கம்பெனிப் பெயர் போக அதை எத்தனை தடவை தேய்த்திருப்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். பெருமந்தத்தைப் பற்றி அந்த வருடம் எழுந்த நல்ல கேள்வி அது.

எனக்கு மிகவும் பிடித்தது 1942 மே மாதத்தின் முதல் போர்க்கால ரேஷன் புத்தகம். ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு அமெரிக்காவிலும் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது என்பதே இங்கு வந்த பிறகுதான் தெரியும். குடும்பத்துக்கு ஒன்று என்றில்லாமல் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒரு புத்தகம். முகப்பில் உயரம், எடை, கண்ணின் நிறம், முடியின் நிறம், வயது எல்லாம் எழுதியிருக்கும். நான் 8 டாலருக்கு வாங்கியது ஒன்பது வயதுப் பையனுடையது. அவன் எடையைப் படித்துவிட்டு, தன் தம்பியின் எடையும் அதுவே என்றான் ஒரு மாணவன். பொருள் வாங்கும்போது கிழித்துக் கொடுக்க வேண்டிய ஸ்டாம்புகளில் சில கடைசியில் கிழிக்கப்படாமல் இருப்பதை இன்னொருத்தி காட்டி, "எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு என்றால் இதை ஏன் விட்டுவைத்தார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து தேடினோம். அந்த வருடம் நவம்பர் கடைசியில் காபிக்கும் ரேஷன் வந்திருக்கிறது, இதே புத்தகத்தின் ஸ்டாம்புகளுக்கு. ஆனால் 15 வயது ஆனவர்களுக்கு மட்டும், ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. இந்தப் பையனுக்குக் காபி கிடையாது! அந்த ஸ்டாம்புகள் மிஞ்சியதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதையும் வகுப்பில் சொன்னேன். ஆனாலும் ஒரு சட்டம் ஒரு பையனின் புத்தகத்தில் விட்டுப்போன அடையாளத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். புதிதாக அச்சடித்த மாதிரிப் புத்தகத்தில் எல்லா ஸ்டாம்பும் முழுசாக இருக்கும், கேட்க எதுவுமே இருக்காது.

சரி, அசலுக்குப் பராமரிப்பு வேண்டாமா என்றால், வேண்டும். ரேஷன் புத்தகத்தின் தாள் மட்டமானது, மடித்த இடத்தில் விட்டுப்போகும். தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கையில் தருகிறேன். முகப்பில் ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் இருப்பதால் அந்த வரிகள் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துவிடுவேன். அவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். என்னிடம் உள்ள பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டி துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் லேசாக எண்ணெய் துடைக்க வேண்டும். துணியை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. இவ்வளவுதான். அன்றாடச் சாமான்களில் உள்ள பெரிய வசதி, அவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. ஒன்று உடைந்தால் வேறொன்று கிடைக்கும். மாதிரிப் பொருட்கள் பெட்டி ஒன்று இரவல் வந்தபோது, ஏதாவது போனால் கட்ட வேண்டிய தொகையை நினைத்து யாரையும் தொடவிடாமல் நானே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் ஜாடி உடைந்தால் எனக்கு வருத்தம் இருக்கும், பயம் இருக்காது.

இருட்டில் ஒளிரும் முள் வைத்த பழைய கடிகாரத்தை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள், அது ரேடியம் சாயம். உரியும் பெயிண்டு உள்ள பொம்மைகளும் வேண்டாம், ஈயம் இருக்கும். அடிமைமுறை சார்ந்த பொருட்களையும் நான் வாங்குவதில்லை. சார்ல்ஸ்டனில் வெளியே கூலிக்கு அனுப்பப்பட்ட அடிமைகள் அணிய வேண்டியிருந்த செம்பு அடையாள வில்லைகளில் இன்று விற்பனைக்கு வருபவற்றில் போலிகள் ஏராளம். அசலாகவே இருந்தாலும் ஒருவரின் வேதனையை வகுப்பில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூர்வகுடி மக்களின் சடங்குப் பொருட்களும் அப்படித்தான். அவற்றையும் கல்லறைப் பொருட்களையும் அருங்காட்சியகங்களே திருப்பித் தர வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. இந்த இரண்டு பாடங்களுக்கும் படம் போதும்.

18ஆம் நூற்றாண்டுக்கு என் வழி உதவாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் பட்ஜெட்டில் புரட்சிக் காலத்து அசல் எதுவும் வராது. வந்தாலும் அசல்தானா என்று கண்டுபிடிக்கும் அனுபவம் எனக்கில்லை. அந்தப் பாடங்களுக்கு இன்னும் நல்ல மாதிரிகளையும் படங்களையும்தான் வைத்திருக்கிறேன். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. அங்கே கண்ணாடி ஜாடியையும் மூன்று கிலோ இரும்பையும் கையில் கொடுப்பது சரிப்படுமா என்று அங்கே கற்பிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டி. கழற்றி மாட்டும் மரக் கைப்பிடியை 1871இல் அயோவாவைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் காப்புரிமை செய்தார். ஒரு கைப்பிடிக்கு மூன்று இரும்பு. ஒன்று ஆறும்போது அடுத்தது அடுப்பில் தயாராக இருக்கும். கையை நீட்டி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வேன், கூடைப்பந்து ஆடும் பையன்களுக்கே கை நடுங்கும். அதன் பிறகு, 1935இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கியபோது அமெரிக்கப் பண்ணை வீடுகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது என்று சொன்னால், அந்தக் கம்பி வீட்டுக்கு வந்த நாளில் பெண்கள் ஏன் அழுதிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியிருக்காது.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் எஃகுக் காசிலிருந்து ஆரம்பியுங்கள். செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் 1943இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்து மேலே துத்தநாகம் பூசினார்கள். 100 கோடிக்கும் மேல் அடித்ததால் இன்றும் ஒரு டாலருக்குள் கிடைக்கும். புதுப் பூச்சு ஏற்றிப் பளபளவென்று விற்பதை விட்டுவிட்டு, மங்கிப்போய், ஓரத்தில் துரு ஏறியதாக ஐந்தாறு எடுங்கள். கூடவே 1942ஆம் வருடத்துக் காசு ஒன்று, ஒரு சின்னக் காந்தம். இரண்டு காசையும் மேசையில் வைத்துவிட்டு, காந்தத்தை முதல் வரிசைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.